30 நொடியில் டிஸ்க்கை அணைத்துவிடும் போர்டு

வீட்டுப் பேக்கப்புக்கு ஒரு சின்னப் பெட்டி வேண்டும் என்று ஆல்வின்னர் ஏ20 சிப் வைத்த குட்டி கம்ப்யூட்டர் போர்டு ஒன்று வாங்கினேன். பிராண்ட் பெயர் சொல்லப்போவதில்லை, இதே சிப்பில் ஏகப்பட்ட போர்டுகள் வந்திருக்கின்றன. பழைய சிப்தான், இரண்டே கோர். ஆனாலும் இதைத் தேடி வாங்கக் காரணம், டிஸ்க்கை மாட்டும் சாட்டா போர்ட், யுஎஸ்பி வழியாகச் சுற்றிக்கொண்டு வராமல் நிஜமானதாகவே ஒன்று சிப்புக்குள்ளேயே இருக்கிறது, 3 ஜிகாபிட் வேகம். பக்கத்திலேயே டிஸ்க்குக்கு 5 வோல்ட் கொடுக்கும் இரண்டு பின் வெள்ளை கனெக்டரும் உண்டு. லேப்டாப் சைஸ் 2.5 இன்ச் டிஸ்க்குக்கு அது போதும். 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும், அது இந்த போர்டில் கிடையாது, ஆகவே அந்த ஆசையோடு யாரும் வாங்காதீர்கள்.

போர்டின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாலிடரிங் சுத்தம், சூடும் கையைச் சுடுகிற அளவுக்கு இல்லை. தலைவலி, விற்றவர்கள் டவுன்லோடுக்குக் கொடுத்த லினக்ஸ் இமேஜில் (ஆப்பரேட்டிங் சிஸ்டம் முழுவதும் அடங்கிய கோப்பில்) இருந்தது.

போர்டை ஆன் செய்தால் டிஸ்க் சுழல்கிறது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதைக் கண்டுபிடிக்கிறது, மவுன்ட்டும் ஆகிறது, சரி வேலை முடிந்தது என்று டீ போடப் போனால் அரை நிமிடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், டிஸ்க் செத்துவிட்டது. திரும்ப பூட் செய்தாலும் அதே கதை. முதலில் அடாப்டரைத்தான் சந்தேகப்பட்டேன். சுழல ஆரம்பிக்கும் நேரத்தில் டிஸ்க் மட்டுமே கிட்டத்தட்ட 1 ஆம்பியர் இழுக்கும், மெல்லிய கேபிளில் கால் ஓம் தடை இருந்தாலும் 2 ஆம்பியருக்கு அரை வோல்ட் வழியிலேயே போய்விடும், 5 வோல்ட் 4.5 ஆகிவிடும். அதனால் தடிமனான கேபிள் வாங்கினேன், அப்புறம் வேறு டிஸ்க் மாட்டிப் பார்த்தேன். மூன்று நாள் வீண்.

நான்காம் நாள்தான் புத்தி வந்து கெர்னல் லாக்கை ஒழுங்காகப் படித்தேன். பூட் ஆகி சுமார் 30 நொடி கழித்து 'ஏஹெச்சிஐ-5வி: டிசேபிளிங்' என்று ஒற்றை வரி. ஏஹெச்சிஐ என்பது இங்கே சாட்டா கன்ட்ரோலரைக் குறிக்கிறது. அதாவது டிஸ்க்குக்குப் போகும் 5 வோல்ட்டை கெர்னலே, தெரிந்தே, அணைக்கிறது!

கெர்னல் மேல் தப்பில்லை. இந்த மாதிரி போர்டுகளில் எந்த பின் எதோடு இணைந்திருக்கிறது என்று கெர்னலுக்கு டிவைஸ் ட்ரீ என்ற கோப்புதான் சொல்கிறது. டிஸ்க்குக்கு மின்சாரம் திறந்துவிடும் சுவிட்ச், ஒரு ஜிபிஐஓ பின்னில் (சாஃப்ட்வேரே ஆன், ஆஃப் செய்யக்கூடிய பின்) இருக்கும் ரெகுலேட்டராக, அதாவது மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியாக, அதில் எழுதியிருந்தது. பின் எண்ணும் சரி. ஆனால் அது யாருக்கான மின்சாரம் என்று எங்கேயும் எழுதவில்லை. பூட் முடிந்தபின் கெர்னல் ஒரு சுற்று வரும், யாரும் உரிமை கேட்காத ரெகுலேட்டர்களை அணைத்துவிடும், ஆள் இல்லாத அறையில் அம்மா ஃபேனை நிறுத்துகிற மாதிரி.

சாட்டா கன்ட்ரோலர் பகுதியில் இதற்கென்றே மூன்று பெயர்கள் வைத்திருக்கிறார்கள்: கன்ட்ரோலருக்கு ஏஹெச்சிஐ-சப்ளை, சிக்னல் பகுதிக்கு ஃபை-சப்ளை, போர்ட்டில் மாட்டும் டிஸ்க்குக்கு டார்கெட்-சப்ளை. எனக்கு வேண்டியிருந்தது கடைசி ஒன்று மட்டும். பல போர்ட் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 'சாட்டா-போர்ட்' என்று தனிக் கிளை போட்டு அதனதன் சப்ளையை அதனதன் கீழ் எழுதலாம். மார்வெல்லின் ஆர்மடா 388 சிப் வைத்த 'ஜிபி' (GP) என்ற போர்டுக்கான கோப்பைப் பாருங்கள், ஒவ்வொரு டிஸ்க்கின் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒரே சுவிட்சின் கீழ் கோத்து, அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள்.

சரி செய்வதிலும் ஒரு சின்ன வேடிக்கை. விற்றவர்கள் சோர்ஸ் தரவில்லை, கம்பைல் ஆன கோப்பை டிடிசி (டிவைஸ் ட்ரீ கம்பைலர்) கருவியால் பிரித்துத்தான் பார்க்க முடிந்தது. பிரித்தால் லேபிள் பெயர்கள் எல்லாம் போய், ஒரு பகுதி இன்னொன்றைக் குறிப்பிடப் பயன்படும் ஃபேண்டில் எண்கள் மட்டும்தான் மிஞ்சும். இந்த ரெகுலேட்டருக்கு அந்த எண் கூட இல்லை, யாரும் அதைக் குறிப்பிடவே இல்லை என்பதால்! வேறெங்கும் இல்லாத ஓர் எண்ணை நானே கொடுத்து, கன்ட்ரோலர் பகுதியில் டார்கெட்-சப்ளை என்று ஒரு வரி சேர்த்து, மறுபடி கம்பைல் செய்து போட்டேன். கெர்னல் காட்டும் ரெகுலேட்டர் பட்டியலில் (ரெகுலேட்டர் சம்மரி) இப்போது ஏஹெச்சிஐ-5வி-க்குக் கீழே சாட்டாவின் பெயர் நிற்கிறது. டிஸ்க் ஒரு வாரமாக நிற்காமல் ஓடுகிறது.

விற்றவர்களுக்கு எழுதினேன். 'ரெகுலேட்டரில் ஆல்வேஸ்-ஆன் போட்டுவிடுங்கள் சார், போதும்' என்று பதில். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அப்படிப் போட்டால் அந்த 5 வோல்ட்டை அப்புறம் யாராலும் அணைக்க முடியாது. எனக்கோ இரவு பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கை நிறுத்தி சாட்டா டிரைவர் சாஃப்ட்வேரை கெர்னலிலிருந்து கழற்றினால் மின்சாரமும் சேர்ந்து போக வேண்டும், காலையில் டிரைவரை ஏற்றினால் முதலில் மின்சாரம் வந்து அப்புறம் போர்ட் விழிக்க வேண்டும். டார்கெட்-சப்ளை இருந்தால் இந்த வரிசையை டிரைவரே பார்த்துக்கொள்கிறது.

போர்டுக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன், இமேஜுக்கு ஒன்று, அதுவும் பின் எண்ணைச் சரியாகப் போட்டதற்காக. வாங்குகிறவர்கள் நல்ல 5 வோல்ட் அடாப்டரும் தடித்த கேபிளும் சேர்த்தே வாங்குங்கள், டிஸ்க்கை மாட்டிவிட்டு ஒரு நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். நேற்றுப் பார்த்தேன், டவுன்லோடில் இன்னும் அதே பழைய இமேஜ்தான் கிடக்கிறது.