சார்ஜ் லைட் பொய் சொல்லவில்லை, எலக்ட்ரீஷியன்தான் சொன்னார்

டாஷ்போர்டில் எல்இடி மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரு நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டு, புதிய பேட்டரியும் வாங்கிய பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

என் கார் பழையது. டாஷ்போர்டு பல்புகள் இரண்டு ஃபியூஸ் போயிருந்தன. ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். "பல்பு எதுக்கு சார், எல்லாத்தையும் எல்இடி ஆக்கிடலாம். ரெசிஸ்டர் போட்டே தர்றேன், ஆயுசுக்கும் தொல்லை இல்லை" என்றார். (ரெசிஸ்டர் என்பது எல்இடிக்குப் போகிற மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற சின்னப் பாகம்.) இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பிக் காட்டினார். பளிச்சென்று எரிந்தது. நானும் மயங்கிவிட்டேன். அந்தப் பளிச்சுதான் கோளாறின் முதல் அறிகுறி என்று அப்போது தெரியாது.

அன்றே ஒரு வித்தியாசம் கவனித்தேன். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டிய பேட்டரி லைட், அதாவது சார்ஜ் லைட், அணையவில்லை. ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால் அணைந்தது. கேட்டதற்கு, "எல்இடி ரொம்ப சென்சிட்டிவ் சார், கொஞ்சம் லீக்கேஜ் இருந்தாலே எரியும். கண்டுக்காதீங்க" என்றார். நானும் கண்டுகொள்ளவில்லை. நெரிசலில் மெதுவாக ஓட்டுகிற நாட்களில் வழி முழுக்க எரியும். லீக்கேஜ்தானே என்று விட்டுவிட்டேன்.

பத்துப் பதினைந்து நாளில் காலையில் வண்டி கிளம்பவில்லை. அவரே வந்து பார்த்து, பேட்டரிக்கு வயசாகிவிட்டது என்று புதியதை மாட்டினார். பழையதை எடுத்துக்கொண்டும் போனார். அடுத்த சில வாரங்களில் புதியதும் படுத்துவிட்டது. நடுவில் ஹைபீம் நீல விளக்கும் அணைந்துபோனது. அதற்கு "எல்இடி லாட் சரியில்லை" என்று அதே மாதிரி இன்னொன்றை மாட்டி, அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். வண்டி ஐடிலில் ஓடும்போது பேட்டரி முனையில் 12.2 வோல்ட். சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் 14 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். இன்ஜினை நன்றாக ரெய்ஸ் பண்ணினேன். லைட் அணைந்தது, மீட்டர் 14.2க்குத் தாவியது.

காரணம் இதுதான். இந்த மாதிரி பழைய வண்டிகளில் சார்ஜ் லைட் வெறும் விளக்கு மட்டுமல்ல. இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டருக்குள் சுற்றுகிற காந்தத்தை முதலில் உயிர்ப்பிக்கிற மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. 2.2 வாட் பல்பு என்றால் ஏறக்குறைய 180 மில்லிஆம்பியர். எல்இடி போட்டால் அதில் கால்வாசிகூடப் போகாது. அதனால் வேகமாகச் சுற்றும்வரை ஆல்டர்னேட்டர் தூங்குகிறது. நான் அலட்சியப்படுத்திய லைட் அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் பழைய பல்பையே திரும்ப மாட்டினேன், பிரச்சினை தீர்ந்தது. எல்இடிதான் வேண்டும் என்றால் எல்இடியும் அதன் ரெசிஸ்டரும் சேர்ந்த ஜோடிக்கு இணையாக 68 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். எரியும்போது அதில் இரண்டு வாட் வரை சூடாகப் போகும், பிளாஸ்டிக்கை ஒட்டி வைக்கக்கூடாது. சாவியை அணைக்கும் நேரத்தில் எதிர்த்திசையில் வோல்டேஜ் வரலாம், சாதாரண எல்இடி 5 வோல்ட்டுக்கு மேல் அதைத் தாங்குவதாக நம்ப முடியாது. அதனால் எல்இடிக்குக் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு 1என்4007 டயோடும் (மின்சாரத்தை ஒரே திசையில் விடுகிற பாகம்) போட வேண்டும். இவ்வளவுக்கு பல்பே மேல் என்பது என் கட்சி.

அந்த நீல விளக்கையும் பிரித்துப் பார்த்தேன். ரெசிஸ்டர் கருகிக் கிடந்தது. புதிதாக மாட்டியதில் மதிப்பைச் சொல்கிற நிற வளையங்கள் தெரிந்தன: சிவப்பு, சிவப்பு, பழுப்பு. அதாவது 220 ஓம். சைஸைப் பார்த்தால் கால் வாட். 5 வோல்ட் சர்க்யூட்டுக்குப் போடுகிற ரெசிஸ்டர் அது. காரில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டேன். ஓடும்போது 14.4 வோல்ட் என்று வையுங்கள், நீல எல்இடி 3.2 எடுத்துக்கொள்ளும். மீதி 11.2 வோல்ட்டை 220ஆல் வகுத்தால் 51 மில்லிஆம்பியர். சாதாரண 5 மி.மீ. எல்இடிக்கு 20தான் கணக்கு. முதல் நாள் பார்த்த பளிச்சுக்கு இதுதான் காரணம். ரெசிஸ்டரில் 0.57 வாட் சூடு, தாங்குவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஹைபீம் போட்டு ஒரு இரவு ஓட்டினால் கருகாமல் என்ன செய்யும்?

இப்போது அங்கே 2.2 கிலோ ஓம் போட்டிருக்கிறேன், 5 மில்லிஆம்பியர்தான். இருட்டில் நீலம் அதற்கு மேல் இருந்தால் எனக்குக் கண் கூசுகிறது. மற்ற சிவப்பு விளக்குகளுக்கு 1 கிலோ ஓம், அரை வாட். சிவப்பு எல்இடி 2 வோல்ட்தான் எடுக்கும், எனவே 12 மில்லிஆம்பியர் வருகிறது, தாராளம். வாங்கும்போது கடைக்காரர் "12 வோல்ட் எல்இடி" என்றால் ரெசிஸ்டர் எத்தனை ஓம், எத்தனை வாட் என்று கேளுங்கள். ட்யூப் போட்டு மூடியிருந்தால் ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கழற்றியதையெல்லாம் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். பணம் திரும்ப வரவில்லை, பழைய பேட்டரியை அன்றைக்கே எடைக்குப் போட்டுவிட்டாராம். பேசிக்கொண்டிருக்கும்போதே வேறொருவரின் டாஷ்போர்டு கழற்றி வைக்கப்பட்டிருந்தது. உரிமையாளர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சார்ஜ் லைட்டை மட்டும் பல்பாகவே விட்டுவிடச் சொல்லுங்கள் என்றேன். அவர் எலக்ட்ரீஷியனைத் திரும்பிப் பார்த்தார்.