எஸ்.எல்.எஸ். நிலவு ராக்கெட்: கொடுத்த விலைக்குக் கிடைத்தது என்ன?

மனிதர்களை மீண்டும் நிலவுக்கு அனுப்புவதற்காக நாசா உருவாக்கிய எஸ்.எல்.எஸ். (ஸ்பேஸ் லாஞ்ச் சிஸ்டம்) ராக்கெட்டையும் அதன் உச்சியில் அமரும் ஓரியன் விண்கலத்தையும், அமெரிக்க மக்கள் தங்கள் வரிப்பணத்தில் வாங்கிய ஒரு போக்குவரத்துச் சேவையாகக் கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன். அப்பல்லோ பயணங்கள் நடக்கவே இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆறு தரையிறக்கங்களில் கொண்டுவரப்பட்ட 382 கிலோ கல்லும் மண்ணும், நிலவில் இருந்தபடி இன்றும் லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும் பிரதிபலிப்பான்களும் அந்தச் சந்தேகத்துக்கு இடம் தரவில்லை. என்னுடைய ஐயமெல்லாம் இந்த ராக்கெட் போக வேண்டிய இடத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டதா என்பதில்தான் இருக்கிறது.

2022 நவம்பர் 16 அன்று ஆர்ட்டெமிஸ் 1 என்ற ஆளில்லாப் பயணமாக முதன்முறை பறந்தபோது, எஸ்.எல்.எஸ். தரையிலிருந்து கிளம்பிய உந்துவிசை அப்பல்லோவை ஏற்றிச் சென்ற பழைய சாட்டர்ன் 5 ராக்கெட்டைவிட ஏறத்தாழ 15 சதவீதம் அதிகம். விளம்பரங்களில் பெரிதாகச் சொல்லப்பட்ட எண் இதுதான். ஆனால் நிலவை நோக்கி அனுப்பக்கூடிய எடையைப் பார்த்தால், சாட்டர்ன் 5 சுமார் 45 டன்னை அனுப்பியது. முதல் வடிவ எஸ்.எல்.எஸ். அனுப்புவது சுமார் 27 டன் மட்டுமே. டெல்டா 4 ராக்கெட்டின் வழிவந்த, ஒரே ஓர் எஞ்சின் கொண்ட சிறிய மேல் அடுக்கை அந்தப் பெரிய உடலின்மேல் பொருத்தியதே இதற்கு முக்கியக் காரணம்.

இந்தப் பொருத்தமின்மை தற்செயலாக வந்ததில்லை. 2010ஆம் ஆண்டின் நாசா அங்கீகாரச் சட்டம், விண்வெளி ஓடத் (ஸ்பேஸ் ஷட்டில்) திட்டத்தின் ஒப்பந்தங்களையும் பணியாளர்களையும் பாகங்களையும் இயன்றவரை பயன்படுத்தியே புதிய ராக்கெட்டைக் கட்ட வேண்டும் என்றது. 2016 முடிவுக்குள் அது பறக்கத் தயாராக வேண்டும் என்ற இலக்கையும் வைத்தது. இருப்பதைப் பயன்படுத்தினால் செலவு குறையும் என்ற எண்ணம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது, ஆனால் ராக்கெட் ஆறு ஆண்டுகள் தாமதமாகவே பறந்தது. திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கென்றே உருவாக்கப்பட்டு, ஏற்கெனவே விண்வெளி ஓடங்களில் பறந்து திரும்பியிருந்த நான்கு ஆர்.எஸ்.25 எஞ்சின்கள், இந்த ஒரே பயணத்தோடு கடலில் விழுந்து அழிந்தன. முன்பு பாராசூட்டில் இறக்கி மீட்கப்பட்ட பக்கவாட்டுத் திட எரிபொருள் உந்திகளும் இப்போது மீட்கப்படுவதில்லை.

விலையைப் பற்றி, நாசாவின் செலவுகளையும் செயல்பாட்டையும் தணிக்கை செய்யும் தலைமை ஆய்வாளர் 2022 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னது எவரையும் யோசிக்க வைக்கும்: ராக்கெட், விண்கலம், ஏவுதள ஏற்பாடுகள் அனைத்தையும் சேர்த்து, முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொன்றுக்கும் 410 கோடி டாலர். வளர்ச்சிச் செலவு இதில் அடங்கவில்லை. இந்த விலையில் அடிக்கடி பறக்க முடியாது. அடிக்கடி பறக்காத ராக்கெட்டில் ஒவ்வொரு பயணமும் முதல் பயணத்தைப் போன்ற பதற்றத்தோடுதான் தொடங்கும்.

இதற்காகப் பழையதைக் குறையற்றதாகக் கொண்டாடவும் நான் விரும்பவில்லை. 1968 ஏப்ரலில் அப்பல்லோ 6 பறந்தபோது சாட்டர்ன் 5 கடுமையாக அதிர்ந்தது, இரண்டாம் அடுக்கில் இரண்டு எஞ்சின்கள் நடுவழியில் நின்றன. அதற்கு அடுத்த பறப்பிலேயே, அதே ஆண்டு டிசம்பரில், மூன்று பேர் நிலவுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தத் துணிச்சல் பலித்தது என்பதாலேயே அது சரியான முறையாகிவிடாது. மறுபக்கம் சோவியத் ஒன்றியத்தின் என்1 ராக்கெட், 30 எஞ்சின்கள் கொண்ட முதல் அடுக்கை முழுமையாகத் தரையில் இயக்கிச் சோதிக்காமலேயே ஏவப்பட்டு, 1969க்கும் 1972க்கும் இடையில் நான்கு முறையும் தோற்றது. மேலும் அப்பல்லோ காலத்தில் அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் நாசாவின் பங்கு உச்சத்தில் 4 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, இன்று அது அரை சதவீதத்துக்கும் கீழே. அவ்வளவு பணம் கிடைத்தும் 1972 டிசம்பரோடு அந்தப் பயணங்கள் நின்றுபோயின.

ஓரியனின் குறை, அது நிலவை நெருங்கும்போது தெரிகிறது. நிலவின் தாழ்ந்த சுற்றுப்பாதையில் நுழைந்து, பிறகு அங்கிருந்து கிளம்பி வீடு திரும்பும் அளவுக்கு அதன் சேவைப் பகுதியில் (எஞ்சினும் எரிபொருளும் உள்ள பின்பகுதி) எரிபொருள் இல்லை. ஆகவே ஏறத்தாழ ஆறரை நாளுக்கு ஒருமுறை நிலவைச் சுற்றும் நீண்ட பாதை ஒன்று இதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கிருந்து நிலவின் தரைக்குப் போய்வரும் இறங்குகலத்துக்காக, 2021இல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்கு 289 கோடி டாலர் ஒப்பந்தம் தனியே வழங்கப்பட்டது. அந்த இறங்குகலமோ, புவியைச் சுற்றும்போது பல எரிபொருள் கலங்கள் அடுத்தடுத்து வந்து நிரப்பினால்தான் நிலவுக்குக் கிளம்ப முடியும். அப்பல்லோவில் ஒரே ஏவுதலில் முடிந்த வேலைக்கு இன்று இத்தனை ஏவுதல்கள் தேவைப்படுவதில், ராக்கெட்டின் பலவீனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கூடுதல் ஆட்கள் கூடுதல் நாட்கள் நிலவில் இருக்கப்போகிறார்கள் என்ற பதில் உண்மைதான், ஆனால் அது பாதி விளக்கம்தான்.

என்னை அதிகம் உறுத்துவது வெப்பக் கவசம். ஆர்ட்டெமிஸ் 1 தன் வேலையை நன்றாகச் செய்தது. ஓரியன் புவியிலிருந்து 4,32,000 கிலோமீட்டருக்கு அப்பால் சென்று, 25 நாட்கள் பறந்து, பசிபிக் கடலில் பத்திரமாக இறங்கியது. ஆனால் விநாடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்தபோது, சீராகக் கருகித் தேய வேண்டிய கவசத்தின் பொருள் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது. அப்பல்லோவில் தேன்கூட்டு அமைப்பின் ஒவ்வொரு சிற்றறையிலும் நிரப்பப்பட்ட இந்தப் பொருள், இம்முறை கட்டிகளாக ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே உருவான வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடி விரிசல் விட்டதே காரணம் என்று நாசா 2024 டிசம்பரில் அறிவித்தது. அடுத்த பயணத்தில் மனிதர்களை அதே வகைக் கவசத்தோடு, திரும்பும் பாதையை மட்டும் மாற்றி அனுப்புவது என்றும் அப்போதே முடிவெடுத்தது. கணக்கீடுகள் அந்த முடிவுக்கு ஆதரவாக இருந்திருக்கலாம். ஆனால் 2022 டிசம்பரில் கரைசேர்ந்த விண்கலத்தின் சேதத்தைக் காட்டும் நெருக்கமான படங்களைப் பொதுமக்கள் பார்த்தது, தலைமை ஆய்வாளர் அலுவலகத்தின் 2024 மே அறிக்கையில்தான். உயிர்களை ஏற்றிச் செல்லும் ஒரு சேவை, பணம் கொடுத்தவர்களிடம் அந்தப் படங்களை அதே குளிர்காலத்தில் காட்டியிருக்க வேண்டும்.