நாவலுக்கு எந்தக் கலகம்: ஹெய்தியா, டெமராராவா?

கரும்புத் தோட்ட அடிமைகளின் கலகத்தை நாவலாக்க நினைப்பவர் மனம் முதலில் ஓடுவது, கரீபியனில் பிரெஞ்சுக் காலனியாக இருந்த ஹெய்திக்குத்தான். 1791 ஆகஸ்டில் தோட்டங்களில் பற்றிய தீ 1804-இல் தனி நாடாக முடிந்தது. பூக்மன், துசேன், தெசாலின் என்று கலகத்தை நடத்திய ஆளுமைகளுக்கும் பஞ்சமில்லை. சிக்கலே அங்கேதான். தளபதிகள் வந்து நின்றதும், கரும்பு வெட்டியவர்கள் வெறும் கூட்டமாகிவிடுகிறார்கள்.

என் ஓட்டு டெமராராவுக்கு. தென் அமெரிக்காவில் அன்று பிரிட்டிஷ் காலனி, இன்றைய கயானாவின் கடலோரம், 1823 ஆகஸ்ட் 18. பெண்களைக் கசையால் அடிக்கக் கூடாதென்று லண்டனிலிருந்து வந்த உத்தரவைக் காலனி அரசு அமுக்கி வைத்திருந்தது. ராஜா விடுதலையே கொடுத்துவிட்டார், எசமானர்கள்தான் மறைக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. 'சக்ஸஸ்' தோட்டத்தில் அப்பா க்வாமினா தச்சர், தேவாலயத்தில் பாதிரியாருக்கு உதவும் டீக்கன். மகன் ஜாக் பீப்பாய் செய்பவன். வேலையை நிறுத்திவிட்டு கவர்னரிடம் முறையிடலாம் என்பது அப்பாவின் கட்சி. மகனோ அதற்குள் ஆள் திரட்டிவிட்டான். முடிச்சு வீட்டுக்குள்ளேயே விழுந்துவிட்டது, நாவலாசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

கலகக்காரர்கள் கையில் சிக்கிய வெள்ளையர்களில் மிகப் பெரும்பாலோர் உயிர் பிழைத்தார்கள். அடிமைகளைப் பூட்டிவைத்த அதே தொழுமரத்தில்தான் அவர்களை மாட்டினார்கள். பதிலுக்கு அரசு நூற்றுக்கணக்கில் கொன்றது. க்வாமினாவைச் சுட்டு, உடலைச் சங்கிலியில் பிணைத்துத் தோட்டத்தின் முன்னாலேயே தொங்கவிட்டார்கள். ஜாக்கை நாடு கடத்தினார்கள்.

இங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. க்வாமினாவின் தேவாலயப் பாதிரியார் ஜான் ஸ்மித், கலகத்துக்குத் துணைபோனதாக மரண தண்டனை பெற்று 1824-இல் சிறையிலேயே இறந்தவர். அவருடைய நாட்குறிப்பு கிடைக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு எழுதினால் க்வாமினா தன் சொந்தக் கதையிலேயே துணைப் பாத்திரமாகிவிடுவார். அடிமைகளின் பேச்சோ, கழுத்துக்கு மேலே கயிறு ஆடும்போது கோர்ட் குமாஸ்தா எழுதிக்கொண்ட வாக்குமூலமாகத்தான் இருக்கிறது. எது பயத்தில் சொன்னது, எது நிஜம் என்று பிரிப்பதுதான் எழுதுபவருக்கான வேலை.

ஜமைக்காவில் 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் சாம் ஷார்ப் என்ற அடிமை கூலி கேட்டுத் தொடங்க நினைத்த வேலைநிறுத்தமும் நல்ல களம். ஆனால் அப்பா மகன் பிணக்கு அங்கே இல்லை.

சக்ஸஸின் முதலாளி ஜான் கிளாட்ஸ்டன் தன் டெமராரா மண்ணை மிதித்ததே இல்லை. அடிமை முறை ஒழிந்ததும் அவருடைய ஏற்பாட்டில்தான் 1838-இல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அங்கே போய் இறங்கினார்கள். பின்னாளில் சென்னையிலிருந்தும் கப்பல் போனது.