வார இறுதியில் சஹாரா: ஜகோராவா, மெர்சூகாவா?

கோவை, ஈரோடு பக்கமிருந்து ஸ்பெயினுக்கு மேல்படிப்புக்குப் போகும் பிள்ளைகள் முதல் செமஸ்டர் முடிவதற்குள் என்னிடம் கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, சனி ஞாயிறுல மொராக்கோ பாலைவனம் போயிட்டு வந்தர முடியுங்களா?" முடியும். மாட்ரிட்டிலிருந்து விமானத்தில் ஏறினால் இரண்டு மணி நேரம்தான். எந்தப் பாலைவனம், எந்த வழி என்பதில்தான் விஷயம். நாங்கள் மாணவர்களாகச் சேர்ந்து போனது வடக்கே உள்ள ஃபெஸ் நகரம் வழியாக, மணல்மேடுகளை ஒட்டிய மெர்சூகா என்ற சின்ன ஊருக்கு. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மராகேஷ் நகரத்தை ஒட்டியுள்ள அகஃபாய் பாலைவனத்தை முதலிலேயே தள்ளிவிடலாம். கிட்டத்தட்ட 40 கி.மீ., அன்றைக்கே திரும்பிவிடலாம், எல்லாம் சரி. ஆனால் அது கல்லும் கட்டாந்தரையும். மணல் மேடே கிடையாது. அதைப் பார்க்க நம்ம காங்கேயத்து மேட்டாங்காடு போதும்.

ஜகோரா மராகேஷிலிருந்து சுமார் 360 கி.மீ. "இரண்டு நாள் சஹாரா" என்று மலிவாக விற்கும் டூர்கள் பெரும்பாலும் இங்கேதான் கூட்டிப்போகும். விடுதி வாசலுக்கே வேன் வரும். வழியும் அழகு: 2,260 மீட்டர் உயரத்தில் டிஷ்கா கணவாய், 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அய்த் பென்ஹத்து மண்கோட்டை, அப்புறம் திரா பள்ளத்தாக்கின் பேரீச்சந்தோப்புகள். நான் அங்கே தங்கியதில்லை. கூடப் படித்த திருச்செங்கோட்டுப் பையன் போய் வந்து சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

அவன் சொன்ன கணக்குதான் என்னை யோசிக்க வைத்தது. போக ஏழெட்டு மணி நேரம், வர ஏழெட்டு மணி நேரம், அத்தனையும் பகலில். குளிர்காலத்தில் முகாமுக்குப் போய்ச் சேரும்போதே இருட்டிவிடுகிறது. காலையில் டீ குடித்ததும் வேனில் ஏறச் சொல்லிவிடுவார்கள். வெளிச்சத்தில் மணலில் நிற்பது ஒரு மணி நேரமோ என்னமோ. அந்த மணலும் சின்னச் சின்ன மேடுகள்தான். பெரிய மேடுகள் வேண்டுமென்றால் இன்னும் தெற்கே மஹமீதுக்குப் போய், அங்கிருந்து ஜீப்பில் ஷெகாகா போக வேண்டும். அது வார இறுதிக்குள் அடங்காது.

மெர்சூகா இன்னும் தூரம். மராகேஷிலிருந்து 560 கி.மீ., அந்த வழியில் போனால் மூன்று நாள் வேண்டும். ஃபெஸிலிருந்தும் 460 கி.மீ.க்குக் குறையாது. ஆனால் ஃபெஸிலிருந்து இரவுப் பேருந்து இருக்கிறது, மொத்த விஷயமும் இதில்தான் அடங்கியிருக்கிறது. இரவு பஸ்ஸில் தூங்கியே சென்னை போய்ப் பழகிய நமக்கு இது பெரிய காரியமில்லை. வெள்ளி இரவு ஏறினால் சனி விடியலில் மெர்சூகா. ஞாயிறு மாலை திரும்ப ஏறினால் திங்கள் காலை ஃபெஸ். பயணம் முழுக்க ராத்திரியில் கழிந்துவிடும். சனி, ஞாயிறு இரண்டு பகலும் மணலுக்கு.

அந்தப் பகல்கள் வீணாகாது. எர்க் ஷெபி என்று அங்கே சொல்லும் மணல்மேடுகள் 150 மீட்டர் வரை எழும்பி நிற்கின்றன, ஊர் முடியும் இடத்திலேயே ஆரம்பித்துவிடுகின்றன. விளிம்பு பிடித்து ஏறினால் இரண்டடி வைத்தால் ஒன்றரையடி சறுக்கும். விடியற்காலை மணல் வெறுங்காலுக்குச் சில்லென்று இருக்கும், பத்து மணிக்குள் சுட ஆரம்பிக்கும். ஒட்டகச் சவாரி ஒருவழி போதும். சேணம் தொடையை உரித்துவிடும், திரும்பும்போது பேசாமல் நடந்துவிடுங்கள். மதியம் கொஞ்சம் தெற்கே கம்லியா கிராமத்தில், ஆப்பிரிக்க வேர் கொண்ட க்னாவா இசை கேட்கலாம். சைவக்காரர்களுக்குக் காய்கறி தஜினும் (மண்சட்டியில் வேகவைத்த குழம்பு) ரொட்டியும் எங்கேயும் கிடைக்கும். ஆனால் ரவை மாதிரி இருக்கும் கூஸ்கூஸ் வந்தால், குழம்பு கறிச்சாறில் வெந்ததா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

இதிலும் இடைஞ்சல் உண்டு. திங்கள் காலை வகுப்பு போய்விடும். டிசம்பர், ஜனவரியில் பஸ் போகும் வழியில் உள்ள அஸ்ரூ, மிடெல்த் மலைப்பகுதியில் பனி கொட்டினால் சாலையை மூடிவிடுவார்கள், பஸ்ஸும் ஓடாது. நாங்கள் போனது மார்ச்சில். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் அங்கே பகலைக் கழிப்பது பற்றி என்னால் உத்தரவாதம் சொல்ல முடியாது. திங்கள் விடுப்பு எடுக்கவே வழியில்லாதவர்கள் ஜகோரா போகலாம், டிஷ்கா வழிக்காகவாவது.

எங்கே போவதானாலும் மொராக்கோ விசாவோடு ஸ்பெயின் குடியிருப்பு அட்டையும் கையில் வந்த பிறகே டிக்கெட் போடுங்கள். ஸ்பெயினின் ஒருமுறை நுழைவு விசாவை மட்டும் வைத்துக்கொண்டு வெளியே போனால் திரும்ப ஸ்பெயினுக்குள் விடமாட்டார்கள்.