ஐப்பசியில் ஊருக்குப் போனால் அடுப்படி மணக்கும்

டொராண்டோவிலிருந்து ஊருக்குப் போகிற நாங்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து ஜூலை, ஆகஸ்டில்தான் டிக்கெட் போடுகிறோம். இந்த முறை ஐப்பசியில் போனேன். அழகர்கோயில் பக்கம் எங்கள் கிராமம். இனி முடிந்தவரை இந்த மாதம்தான்.

ஆடிப்பட்டத்தில் போட்டதெல்லாம் பந்தலில் காய்த்துத் தொங்குகிற நேரம் அது. பீர்க்கு, புடலை, அவரை எல்லாம் வீட்டிலேயே. பீர்க்கங்காய்த் தோலைக்கூடச் சித்தி வீணாக்குவதில்லை. உளுந்து, வரமிளகாய், புளி சேர்த்து வதக்கித் துவையல் அரைத்துவிடுவார். வேலியில் முடக்கத்தானும் பிரண்டையும் தானாகவே படர்ந்து கிடக்கின்றன. பிரண்டையை நார் உரித்து, நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை பொறுமையாக வதக்க வேண்டும். இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும்.

ஆனால் நான் காத்திருந்தது புற்றுக்காளானுக்கு. இடியும் மழையுமாகப் போன இரவுக்கு மறுநாள், விடிவதற்குள் ஆட்கள் காட்டுக்குப் போய்விடுகிறார்கள். கறையானின் கூட்டுக்குள் வளர்கிற பூஞ்சை இது. கறையான் இல்லாமல் வளராது என்பதால் பண்ணையில் வளர்க்க வழியில்லை. கடையில் பாக்கெட்டில் கிடைக்கிற பட்டன் காளான் இதன் பக்கத்தில்கூட வராது. "விரியாத மொட்டாப் பாத்து எடு, அதுலதான் ருசி" என்றார் சித்தி. நீளமான தண்டில் ஒட்டிய செம்மண்ணைச் சுரண்டி, மஞ்சள் தண்ணீரில் அலசி, கையாலேயே நார் நாராகக் கிழித்துப் போட்டார். சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், நல்லெண்ணெய், அவ்வளவுதான் சேர்மானம். சட்டியில் அதுவாகவே தண்ணீர் விட்டு வேகும். ஒன்று மட்டும்: விஷக்காளானும் அதே மழையில்தான் முளைக்கும். பழகியவர்கள் பறித்ததைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

வீட்டில் இல்லாததற்கு மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டில் முதலில் தொடங்கிய உழவர் சந்தை இதுதான். அன்றைய விலையைப் பலகையில் எழுதிவைக்கிறார்கள், பேரம் பேசுகிற வேலை இல்லை. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் நல்ல கீரை மிஞ்சாது. சித்தி டவுன் பஸ்ஸில்தான் போய்வருகிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே. கீரைக்கட்டோடு ஏறுகிற அம்மாக்களைப் பார்க்கும்போது, இந்தச் சலுகை எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிகிறது.

ஊர் மாவு மில்லும் நன்றாக ஓடுகிறது. புதுக் கம்பைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று, சூடு ஆறியதும் வாங்கி வந்தோம்.

திரும்பும்போது சுண்டை வற்றலும் மணத்தக்காளி வற்றலும் கொண்டுவந்தேன். நன்றாகக் காய்ந்ததாக, மண் இல்லாமல் கட்டுங்கள். கனடா விமான நிலையத்தில் உணவுப்பொருள் இருப்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.