கடலோர நடைக்கு 'ஃபாரஸ்ட் பர்மிட்': 19,600 ரூபாய் போச்சு, நீங்க உஷாரா இருங்க

கேரளாவுல இருக்கற வர்க்கலா கடலோரப் பாறை விளிம்புல ஒரு நாள் நடைன்னு சொல்லி, தலைக்கு 2,450 ரூபாய், எங்க எட்டு பேருக்கு 19,600 ரூபாய் வாங்கிட்டுக் கம்பி நீட்டிட்டானுங்க. நடந்தது சனிக்கிழமை, இன்னைக்கு செவ்வாய். புகார் கொடுத்திருக்கறதால அந்தப் பக்கத்தோட பேரைப் போடலை. ரீல்ஸ் போட்டு ஆள் சேர்த்து, வார இறுதியில ட்ரெக் கூட்டிட்டுப் போறதாச் சொல்ற பக்கங்கள்ல ஒண்ணு. கோவை, திருப்பூர், ஈரோட்டு ஆளுங்களைப் பாத்தே வலை வீசறாங்க. கடைசியில வர்க்கலா நடைக்கு முழுத் திட்டமும் எழுதறேன், அதுக்குப் பத்து பைசா யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

பணம் கேட்ட விதம்தான் முதல் தூண்டில். மொத்தமாக் கேக்கலை, பிரிச்சு அனுப்பினான். ஃபாரஸ்ட் பர்மிட் 400, உள்ளூர் கைடு 500, இன்சூரன்ஸ் 150, சாப்பாடு 600, ஸ்டேஷன்ல இருந்து வேன் 400, திரும்பக் கடல் வழியா போட் 400. கூட்டினா சரியா 2,450. கணக்கு இவ்வளவு சுத்தமா இருந்தா யாருக்குத்தான் சந்தேகம் வரும்? போதாக்குறைக்கு, "நமக்கு கோபிங்ணா, நம்ம ஊரு ஆளுங்களுக்குன்னா நானே கூட வந்துருவனுங்" அப்படின்னு கோபிசெட்டிபாளையத்துக்காரன் மாதிரி நம்ம கொங்குப் பேச்சு. அந்த 'ங்ணா'வுக்கு 19,600 ரூபாய்.

இதுல முக்கியமான வரி பர்மிட். நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு மலைன்னாலே வனத்துறை அனுமதிதான் முதல்ல ஞாபகம் வரும். 2018 மார்ச்சுல தேனி மாவட்டம் குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கினாங்க. செத்தவங்கள்ல ஈரோட்டுப் பக்கத்து ஆளுங்களும் இருந்தாங்க. அதுக்கப்புறம் அனுமதியில்லாம காட்டுக்குள்ள கால் வைக்கறதை யாரும் சாதாரணமா எடுத்துக்கறதில்லை. 2024 அக்டோபர்ல இருந்து தமிழ்நாட்டு வனத்துறையே 40 தடங்களுக்கு ஆன்லைன்ல புக்கிங் எடுக்குது. அதனால ஒருத்தன் பர்மிட்டுக்குக் காசு கேட்டா, 'பரவால்ல, முறையாப் பண்றாங்க'ன்னு தோணுது. அந்த நல்ல பழக்கத்தையே பிடிச்சுத்தான் பையில கை விட்டிருக்கான்.

வர்க்கலா விளிம்புல காடே கிடையாது. வடக்கு விளிம்பு நெடுக கடை, ரெஸ்டாரண்ட், தங்கற விடுதி. அதுக்கு முன்னாடி ஓடறது பொது நடைபாதை. பால் பாக்கெட் வாங்க வர்ற ஆளும் அதுலதான் நடக்கறாரு. பர்மிட்டும் இல்லை, கட்டணமும் இல்லை.

அனுப்பின பர்மிட்டை இப்ப நிதானமாப் பெரிசு பண்ணிப் பாத்தா வயிறு எரியுது. முத்திரை மங்கல், சரி, ஸ்கேன் பண்ணினா அப்படித்தான் இருக்கும்னு விட்டுடலாம். நிபந்தனை ஏழாவது வரி: 'யானை நடமாட்டம் இருப்பின் பயணம் ரத்து செய்யப்படும்.' கடற்கரைக்கு! ஏதோ ஒரு மலைப்பாதை அனுமதிச் சீட்டை எடுத்து ஊர் பேரை மட்டும் மாத்தியிருக்கான். எட்டு பேர் ஃபோன்லயும் அந்த பிடிஎஃப் இருந்துச்சு. ஒருத்தரும் ஏழாவது வரி வரைக்கும் போகலை.

போட் விஷயமும் அப்படித்தான். நடை முடியற ஊரு காப்பில். அங்க படகு ஓடறது காயல்ல, அதாவது உப்பங்கழியில. கடல் பக்கம் அலை நேரா வந்து உடையற கரை. அங்க எட்டு பேரை ஏத்தி, இன்னொரு அலைக்கரையில இறக்கறேன்னு ஒருத்தன் சொன்னா, கடலைப் பாத்தவன் சிரிப்பான். ரோட்டுல ஆட்டோ பிடிச்சா முடிஞ்சுது.

சனிக்கிழமை காலை வர்க்கலா சிவகிரி ஸ்டேஷன்ல வேன் இல்லை. ஃபோன் எடுக்கலை. ஒன்பது மணிக்கு மெசேஜ்: "கள்ளக்கடல் அலர்ட் இருக்குதுங்ணா, கைடு விடமாட்டேங்கறாரு." இந்த வார்த்தையை எங்கயோ பொறுக்கிட்டு வந்திருக்கான். கள்ளக்கடல்னா, எங்கயோ தெற்கு இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச புயல்காத்து கிளப்பின பெரிய அலை, இங்க காத்தே இல்லாதப்ப திருடன் மாதிரி வந்து கரையேறறது. மழைக்காலத்துக்கு முன்னாடி, ஏப்ரல், மே மாசங்கள்ல அதிகம். அதுக்கான எச்சரிக்கையை ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்ங்கற மத்திய அரசோட கடல் தகவல் மையம் வெளியிடுது, யார் வேணும்னாலும் பாக்கலாம். பாத்தோம். அந்தக் கரைக்கு அன்னைக்கு ஒரு எச்சரிக்கையும் இல்லை.

அப்புறம் வந்த பதில்களை அப்படியே போடறேன். சனி மதியம்: "அக்கவுண்ட்ஸ்ல சொல்லிட்டனுங், சாயங்காலம் வந்துரும்." சனி ராத்திரி: "சர்வர் டவுனுங்." ஞாயிறு: "ஞாயித்துக்கிழமை பேங்க் லீவுங்ணா." யூபிஐக்கு எந்த ஊர்ல ஞாயிறு லீவு? திங்கள் காலையில: "ரீஃபண்டுக்குப் பதிலா அடுத்த பேட்ச்ல இடம் தரட்டுங்களா?" திங்கள் மதியம் ஒரு கியூஆர் அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங், 19,600 உங்களுக்கு வந்துரும்" அப்படின்னான். பணம் வாங்கறதுக்கு யாரும் யூபிஐ பின் நம்பர் போட வேண்டியதில்லை. போட்டிருந்தா இன்னொரு 19,600 போயிருக்கும். மாட்டேன்னதும் பிளாக்.

அந்த ரெண்டு நாள் சாக்கு சும்மா இல்லை. பணம் அவன் கணக்குல இருக்கறப்பவே புகார் போனா வங்கி நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நாலு கணக்கு மாறி எங்கயோ எடுத்துட்டா கஷ்டம். 'சாயங்காலம் வந்துரும்'னு நம்பி உக்காந்திருந்த ஒவ்வொரு மணி நேரமும் அவனுக்கு லாபம். சனிக்கிழமை ஒன்பது மணிக்கே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிட்டிருக்கணும். கூப்பிட்டது திங்கக்கிழமை மதியம்.

சரி, நடை. கோவையில இருந்து பாலக்காடு, எர்ணாகுளம், கொல்லம் வழியா ராத்திரி ரயில் பிடிச்சா காலையில வர்க்கலாவுல இறங்கலாம். ஸ்டேஷன்ல இருந்து வடக்கு விளிம்பு ஆரம்பிக்கற ஹெலிபேடுக்கு ஆட்டோவுல மூணு கிலோமீட்டர் சுமார். அங்கிருந்து கடலை இடது கையில வெச்சுக்கிட்டு வடக்கே நடங்க. வடக்கு விளிம்பு, கருமணல் கரை, ஓடயம், இடவா, காப்பில். ஏழெட்டு கிலோமீட்டர், நிதானமா மூணு மணி நேரம். ஓடயம் கிட்ட பாதை கரைக்கு இறங்கிரும், முழுக்க மேலேயே போகாது. காலையில ஆறு மணிக்கே ஆரம்பிக்கணும். விளிம்பு மேற்கு பாத்தது, வெயில் முதுகுப் பக்கத்துத் தென்னைக்குப் பின்னாடி இருக்கற வரைக்கும்தான் சுகம். பதினோரு மணிக்கு மேல உச்சந்தலையில அடிக்கும். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி.

விளிம்புல நின்னு ஃபோட்டோ எடுக்கறவங்க இதைக் கேளுங்க. மேல இருக்கறது வெட்டுக்கல், அதாவது செம்புரைப் பாறை, பாக்க இறுகி இருக்கும். அடியில இருக்கறது மணற்கல்லும் களிமண்ணும், அது இளக்கம். மேல பெய்யற மழைத்தண்ணி உள்ள இறங்கி, களிமண் அடுக்குக்கு வந்ததும் போக வழியில்லாம பக்கவாட்டுல ஊத்தா ஒழுகுது. கீழ அலை வேற அரிக்குது. அடி கரைஞ்சு, மேல் பாறை மட்டும் தாழ்வாரம் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். நீங்க நிக்கற இடத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்லைன்னு மேல இருந்து தெரியாது. ரெண்டு மீட்டர் தள்ளியே நில்லுங்க. மழை பெஞ்ச மறுநாள் கீழ, பாறை அடிவாரத்துல நடக்கவே நடக்காதீங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் இந்த நடையே வேண்டாம், மணலைக் கடல் தின்னுட்டு அலை பாறையடி வரைக்கும் வந்து மோதும்.

தங்கற இடம், சாப்பாடு, திரும்பற வழி பத்தி எழுத நினைச்சேன், பேங்க்ல இருந்து கூப்பிடறாங்க. அவசரமா நாலு வரி: பணம் தனியாள் பேருக்குப் போகுதுன்னு ஸ்கிரீன்ல காட்டினா அங்கேயே நிறுத்துங்க. பர்மிட்னா எந்த அலுவலகம், எந்த விதின்னு கேளுங்க, பிடிஎஃப்-ஐக் கடைசி வரி வரைக்கும் படிங்க. முழுப்பணம் முன்னாடி கட்டாதீங்க. ஏமாந்தது தெரிஞ்ச நிமிஷமே 1930, அப்புறம் சைபர் கிரைம் இணையதளத்துல புகார், பரிவர்த்தனை எண்ணை முதல்ல எடுத்து வெச்சுக்கோங்க. சாட்டை அழிக்காதீங்க. அந்தப் பக்கத்துல நேத்து சாயங்காலம் புது ரீல் வந்திருக்கு, இந்தத் தடவை கோகர்ணம், தலைக்கு 2,950.