‘ஹெட் கேஸ்கட் போச்சு சார்’: செட்டிநாட்டுப் பக்கம் பழைய வேனில் போகிறவர்கள் கவனத்துக்கு

பழைய டெம்போ டிராவலர் மாதிரி வண்டியில் படுக்கை, அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்துக்கொண்டு தெற்கே சுற்றக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். காரைக்குடி பக்கத்தில் ஒரு பட்டறையில் எங்களிடம் 38,500 ரூபாய் கறந்துவிட்டார்கள். புகார் நடப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்தாலே போதும்.

எங்களுடையது 2004 மாடல், கம்பெனி ‘பஜாஜ் டெம்போ’ என்ற பெயரில் இருந்தபோது வந்தது. பென்ஸ் வழி வந்த நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். வேகம் கிடையாது, ஆனால் வழியில் நின்று மானத்தை வாங்கியதில்லை. சென்னையிலிருந்து ராமேஸ்வரம், அப்புறம் கன்னியாகுமரி என்று திட்டம். நான், மனைவி, அம்மா. கானாடுகாத்தானில் ராத்தங்கிவிட்டு, ஆத்தங்குடியில் பூஜை அறைக்கு நாலைந்து டைல்ஸ் கல் வாங்கிக்கொண்டு, பிள்ளையார்பட்டி கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது குன்றக்குடி தாண்டி டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரம் கட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் பைக்கில் ஒருத்தர் வந்து நின்றார். “சென்னை வண்டியா சார்? இங்கன நின்னா ஒருத்தனும் வரமாட்டான். நம்ம பட்டறை பக்கத்துலதான் இருக்கு.” அவரே போன் போட்டு ரெக்கவரி வண்டியை வரவழைத்தார். பழைய வண்டி என்று தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் போட்டிருந்தோம். ரோட்டில் நின்றால் உதவிக்கு வருவது அதில் இல்லை.

பட்டறைக்காரர் ஆயில் குச்சியை உருவிப் பார்க்கவில்லை, ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை. எட்ட நின்று பார்த்தே சொல்லிவிட்டார்: “ஹெட் கேஸ்கட் போச்சு சார். வண்டிக்கு இருபது வயசு, இதுல கல்லை வேற ஏத்திட்டு வந்திருக்கீங்க.” பூஜை அறைக்கு வாங்கிய நாலைந்து கல்லுக்குத்தான் இந்தப் பேச்சு! (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட்.) நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பையன்கள் ரேடியேட்டரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்கள். பேட்டரி வயரும் எடுத்தாயிற்று.

சூட்சுமமே அங்கேதான். கார் என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடலாம். இதில் துணிமணி, பாத்திரம், படுக்கை எல்லாம் உள்ளே இருக்கிறது. அம்மாவின் இன்சுலின் அந்த ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. பேட்டரியை எடுத்ததும் ஃப்ரிட்ஜும் நின்றது. வேறு இடத்துக்கு இழுத்துப் போகிறேன் என்றால், பிரித்ததற்கு லேபர், ரெக்கவரிக்குத் தனி, நிறுத்தியதற்குத் தனி என்று கணக்குச் சொன்னார். 15,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டு காரைக்குடியில் லாட்ஜ் எடுத்தோம். மறுநாள் தருகிறேன் என்றவர் இழுத்துக்கொண்டே போனார். (லாட்ஜ் பக்கத்து மெஸ்காரர் அம்மாவுக்கு என்று காரமில்லாமல் தனியாக ரசம் வைத்துக் கொடுத்தார். அதையும் சொல்லிவிட வேண்டும், ஊரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.)

பில்லில் ஹெட் கேஸ்கட், லேத்தில் ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சமமாக இழைப்பது), புது வாட்டர் பம்ப், கூலன்ட், லேபர், மேலே ஜிஎஸ்டி. கழற்றியது என்று கருகிப்போன கேஸ்கட் ஒன்றைக் காட்டினார். மனைவி அதை போட்டோ எடுத்து வைத்தாள்.

பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துக்கொண்டு மதுரைப் பக்கம் கிளம்பினோம். மேலூர் தாண்டுவதற்குள் முள் மறுபடியும் ஏறியது. மதுரையில் சொந்தக்காரர் காட்டிய மெக்கானிக் ஒருவரிடம் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். அவர் முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். கூலன்ட் இல்லை, துருப்பிடித்த வெறும் தண்ணீர். ஹெட் போல்ட்டுகளில் வருஷக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. ‘புது’ வாட்டர் பம்ப் மீது நகத்தால் சுரண்டினார். சில்வர் பெயின்ட் உரிந்து வந்தது. பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், உள்ளே சீல் போனால் தண்ணீர் அது வழியாகச் சொட்டும். அந்தத் துளையிலிருந்து பழைய துருக்கோடு ஒன்று பெயின்டுக்கு அடியில் தெரிந்தது. போட்டோவைப் பார்த்ததும் சிரித்தேவிட்டார். கேஸ்கட்டில் சிலிண்டருக்கு மூன்று ஓட்டை, எங்கள் எஞ்சினுக்கு நாலு சிலிண்டர். “ஏதாவது டிராக்டரோடதா இருக்கும் சார்.” பம்ப்பும் பெல்ட்டும் மாற்றியதோடு வேலை முடிந்தது. கன்னியாகுமரி போய் வந்துவிட்டோம், முள் அசையவில்லை.

ஹெட் கேஸ்கட் என்று சொன்னால் கழற்ற விடாமல் முதலில் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு ஆயில் குச்சியை உருவினால், தண்ணீர் கலந்த ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருக்கும். சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வரும். ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி குமிழியாக வரும். எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்றில்லை, ஆனால் ஒன்றையுமே காட்டாமல் ஸ்பேனரை எடுக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, கொதிதண்ணீர் முகத்தில் அடிக்கும்.

பில்லையும் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள் இருக்கும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். எங்கள் பில்லில் இருந்தது 13 எழுத்துதான். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே எண்ணைப் போட்டு யாருடையது என்று பார்த்துவிடலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிந்தோம். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், காரைக்குடிக்கு அலைய வேண்டியதில்லை. 2 வருஷத்துக்குள் போட வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. புகார் போனதும் பட்டறைக்காரர் கூப்பிட்டு, பாதியைத் தருகிறேன், வாபஸ் வாங்குங்கள் என்றார். வாங்கவில்லை. இதே ரோட்டில், பைக்காரர் கூட்டிப்போன பட்டறையில் மாட்டியவர்கள் இருந்தால் பில்லையும் போட்டோவையும் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.